வெயிலும் துயிலும்

ஞாயிறு உலகிற்கு ஒளி தருவது, வெம்மை தருவது, பயிரை வளர்ப்பது. இவற்றை அறியாதார் இலர். ஆயின், பகலில் காயும் அந்த ஞாயிறே இரவில் மக்கள் கொள்ளும் உறக்கத்திற்கும் துணை நிற்கின்றது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பகலும் இரவும் ஒன்றற்கொன்று பகை போலத் தோன்றினும், பகலைச் செவ்வையாகப் பெற்றவனே இரவையும் செவ்வையாகப் பெறுகின்றான். வெயிலுக்கும் துயிலுக்கும் உள்ள இத்தொடர்பு எத்தகையது? ‘வைட்டமின் டி’ எனப்படும் உயிர்ச்சத்துக்கு அதில் உள்ள பங்கு எவ்வளவு? இவ்விரு வினாக்களும் இன்று தமிழ்நாட்டின் ஒரு பகுதியில் வாழ்வோர்க்கு மிகவும் வேண்டியனவாய் இருக்கின்றன.

ஏரி நாட்டில் எழுந்த ஆலைகள்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஸ்ரீபெரும்புதூர். அது காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சார்ந்தது. இராமாநுசர் தோன்றிய பெருமையுடையது. அதனைச் சூழ்ந்த நிலப்பகுதி ஏரிகள் நிறைந்தது. ஏரி நீர் பாய்ந்து நெல் விளைந்த அந்நாட்டில், உழவர் வைகறையில் எழுந்து வயலுக்குச் சென்றனர். நாளெல்லாம் வெயிலில் உழைத்தனர். இருள் சூழ்ந்ததும் வீடு திரும்பி உறங்கினர். வெயில் வேண்டும் என்று அவர்கள் எவரும் நாடிச் சென்றதில்லை. அது நாடாமலே கிடைத்தது.

அந்நிலத்தின் தோற்றம் சென்ற முப்பது ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. 2000ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை எழுந்தது. 2010ஆம் ஆண்டில் ஒரகடத்தில் ரெனோ நிசான் கார் ஆலை திறக்கப்பெற்றது. கைப்பேசியும் மின்னணுக் கருவிகளும் செய்யும் ஆலைகள் சுங்குவார்சத்திரம் வரையில் பெருகின. வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பூங்காவில், பெண் தொழிலாளர் தங்குவதற்கென 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு ஒன்று 2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் திறக்கப்பெற்றது. ஒரு சிற்றூரின் மக்கள்தொகையினும் மிகுதியானோர் ஓரிடத்தில் உறங்கி எழுவதற்கு உரிய ஏற்பாடு அது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் இளைஞரும் நங்கையரும் இங்கு வந்து பொருள் ஈட்டுகின்றனர். அவர்கள் அனுப்பும் ஊதியத்தால் எத்தனையோ குடும்பங்கள் கடன் தீர்ந்து தலைநிமிர்கின்றன.

ஆறு பொழுதும் மூன்று முறையும்

தமிழர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாக வகுத்தனர். காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என்பன அவை. ஒவ்வொரு பொழுதும் பத்து நாழிகை கொண்டது. காலையில் எழுதல், நண்பகலில் உழைத்தல், மாலையில் ஓய்தல், யாமத்தில் உறங்குதல் என ஒவ்வொரு பொழுதுக்கும் ஒரு தொழில் இயல்பாக அமைந்திருந்தது. ஞாயிற்றின் போக்கே அவ்வகுப்புக்கு அடிப்படை.

ஆலையோ நாளை மூன்றாக வகுக்கின்றது. எட்டு எட்டு மணி நேரமாக அமைந்த அம்மூன்று முறைகளைத் தொழிலாளர் ‘ஷிப்டு’ என்பர். முதல் ஷிப்டுக்குச் செல்வோர் வைகறையிலேயே நிறுவனத்தின் பேருந்தில் ஏறிவிடுகின்றனர். இரண்டாம் ஷிப்டுக்குச் செல்வோர் நள்ளிரவை ஒட்டித் திரும்புகின்றனர். இரவு ஷிப்டுக்குச் செல்வோர் ஊர் உறங்கும்போது விழித்திருந்து, ஊர் விழிக்கும்போது உறங்கச் செல்கின்றனர். பல ஆலைகளில் ஷிப்டுகள் சுழன்று வருதலின், ஒரு முறைக்கு உடல் பழகுவதற்குள் அடுத்த முறை வந்துவிடுகின்றது.

பேருந்தில் திரை; ஆலைக்குள் மின்விளக்கு; மின்னணுப் பொருள்கள் கோக்கும் கூடங்களில் தலை முதல் கால் வரை மூடிய உடை. இவ்வாறு ஒரு தொழிலாளி, ஆண்டு முழுவதும் வெயில் காயும் நாட்டில் வாழ்ந்தும், நாட்கணக்கில் வெயில் தம் மேனியிற் படாமலே இருத்தல் கூடும். ஆற்றங்கரையில் குடியிருந்தும் நீர் வேட்கையால் வாடுதல் போன்றது இது.

தோலில் விளையும் சத்து

மற்ற உயிர்ச்சத்துகள் பெரும்பாலும் உணவின் வழியே உடலிற் சேர்வன. வைட்டமின் டி அவ்வாறன்று. அது பெரும்பாலும் தோலிலேயே விளைவது. வெயிலில் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர்கள் உள்ளன. அவற்றுள் ஒருவகைக் கதிர் தோலிற் படுங்கால், அங்குள்ள ஒரு கொழுப்புப் பொருள் வைட்டமின் டி ஆக மாறுகின்றது. பின்னர் அது கல்லீரலில் ஒரு மாற்றமும் சிறுநீரகத்தில் மற்றொரு மாற்றமும் பெற்று, உடலுக்குப் பயன்படும் நிலையை எய்துகின்றது. உணவிலுள்ள சுண்ணச்சத்தைக் குடலிலிருந்து ஈர்த்து எலும்புக்கு உரம் தருவது அதன் தலையாய தொழில்.

இதனை உலகம் அறிந்த வரலாறு சுவையானது. ஐரோப்பாவில் ஆலைகள் பெருகிய காலத்தில், புகை மண்டிய நகரங்களில் வாழ்ந்த குழந்தைகட்குக் கால் எலும்புகள் வளைந்தன. ரிக்கெட்ஸ் என்பது அந்நோயின் பெயர். 1822ஆம் ஆண்டில் போலந்து நாட்டு மருத்துவர் சினியாடெக்கி என்பார், வார்சா நகரக் குழந்தைகளிடம் மிகுந்துள்ள அந்நோய் நாட்டுப்புறக் குழந்தைகளிடம் அரிதாக இருத்தலைக் கண்டு, வெயிலே மருந்து என்றார். 1890ஆம் ஆண்டில் தியோபால்டு பாம் என்னும் ஆங்கில மருத்துவர், வெயில் மிகுந்த கீழை நாடுகளில் இந்நோய் அருகியிருத்தலை எடுத்துக்காட்டினார். 1919ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் ஹுல்டுஷின்ஸ்கி என்பார் நோயுற்ற குழந்தைகள் மீது புற ஊதா விளக்கின் ஒளியைப் பாய்ச்சி நோயைத் தீர்த்தார். ஒரு கையின்மீது மட்டும் ஒளி படுமாறு செய்தபோதும் இரு கைகளின் எலும்பும் நலம் பெற்றன. தோலில் விளைந்த ஒரு பொருள் குருதியின் வழியே உடலெங்கும் சென்றது என்பது இதனால் விளங்கிற்று.

அதே காலத்தில், இங்கிலாந்தில் மெல்லன்பி என்பார் மீன் எண்ணெய் இந்நோயைத் தடுத்தலைக் கண்டார். 1922ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் மெக்காலம், அவ்வெண்ணெயில் வைட்டமின் ஏ அழிந்த பின்னும் நோய் தீர்க்கும் ஆற்றல் எஞ்சி நிற்பதைக் காட்டினார். முன்னர் ஏ, பி, சி என மூன்றன் பெயர்கள் வழங்கியமையின், நான்காவதாகிய இது டி எனப் பெயர் பெற்றது. இத்துறையில் ஆராய்ந்த ஜெர்மானியர் விண்டௌஸ் 1928ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

வெயிலுக்குக் குறைவில்லாத இந்தியாவில் இக்குறை வாராது என்றே நெடுங்காலம் கருதினர். 2000ஆம் ஆண்டில் வெளியான டெல்லி ஆய்வு ஒன்று அக்கருத்தை அசைத்தது. நலமுடையோர் எனக் கருதப்பட்டவரிடமும் இச்சத்து குறைந்திருந்தது. வெயிலில் பயிற்சி செய்யும் படைவீரரிடம் மிகுந்தும், மருத்துவமனைக்குள் பணிபுரியும் மருத்துவர், செவிலியர் ஆகியோரிடம் குறைந்தும் காணப்பட்டது. 2007ஆம் ஆண்டில் வெளியான திருப்பதிப் பகுதி ஆய்விலும், நாட்டுப்புறத்தாரைவிட நகரத்தாரிடம் இது குறைந்திருந்தது.

திருப்பதி ஸ்ரீபெரும்புதூருக்குத் தொலைவில் இல்லை. இரண்டும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையை ஒட்டியவை. அங்குச் செய்த மற்றோர் ஆய்வு, முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையுள்ள வெயிலிலேயே இச்சத்து மிகுதியாக விளைகின்றது என்று காட்டிற்று. அதிகாலை வெயிலும் அந்தி வெயிலும் இனியவையேனும், அவற்றில் அக்கதிர் மிகக் குறைவு. ஒருவன் தன் நிழலைப் பார்த்தே இதனை அறியலாம். நிழல் அவனைவிடக் குறுகியிருந்தால் சத்து விளையும். நீண்டிருந்தால் விளைவது சிறிதே. கரிய தோலுடையார்க்கு வெளிய தோலுடையாரைவிட நெடுநேரம் வெயில் வேண்டும். மேலும், சாளரக் கண்ணாடி ஒளியை உள்ளே விடும், அக்கதிரைத் தடுத்துவிடும். பேருந்தின் கண்ணாடி அருகில் அமர்ந்து வெயிலில் வியர்ப்பவனுக்கு வெம்மை கிடைக்கும். வைட்டமின் டி கிடைக்காது.

உறக்கத்தோடு உறவு

இனி, இச்சத்துக்கும் உறக்கத்துக்கும் உள்ள உறவைக் காண்போம். 2017ஆம் ஆண்டில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பல நாடுகளில் செய்யப்பெற்ற ஆய்வுகளை ஒருங்குவைத்துப் பார்த்தது. அதன்படி, ஷிப்டு முறையில் பணிபுரிவோர் ஐவருள் நால்வரிடம் இச்சத்து குறைந்திருந்தது. திறந்த வெளியில் பணிபுரிவோரிடமோ அக்குறை இருவருள் ஒருவர் என்னும் அளவினதாகவே இருந்தது. 2018ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு ஒன்பது ஆய்வுகளையும், அவற்றில் பங்குகொண்ட 9,397 பேரையும் கருத்திற்கொண்டது. இச்சத்து குறைந்தவர்களிடம் உறக்கக் கேடு, குறைந்த நேர உறக்கம், பகல் நேரச் சோர்வு ஆகியவை மற்றவரிடம் உள்ளதினும் மிகுந்திருத்தலை அது கண்டது.

இதனைக் கேட்டவுடன், ‘வைட்டமின் டி குறைந்தால் உறக்கம் கெடும், மாத்திரை உண்டால் உறக்கம் வரும்’ என்று முடிவு செய்தல் எளிது. ஆனால், அறிவுடையார் அங்ஙனம் விரைந்து முடிவு செய்யார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது நாடறிந்த பழமொழி. இரண்டு நிகழ்ச்சிகள் ஒருங்கே நிகழ்ந்தமையால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. இங்கு மூன்று வழிகள் உள.

முதலாவது, சத்துக்குறைவே உறக்கத்தைக் கெடுத்தல். உறக்கத்தை ஆளும் மூளைப் பகுதிகளில் வைட்டமின் டி வந்து பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. அன்றியும், இச்சத்து மிகக் குறைந்தால் எலும்பும் தசையும் நோவும். நோவுடையார்க்கு உறக்கம் ஏது? இரண்டாவது, இதற்கு மறுதலையானது. உறக்கம் கெட்டுச் சோர்ந்தவர் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பர். அதனால் வெயில் குறைந்து சத்தும் குறையும். மூன்றாவது, இரண்டு குறைகட்கும் வேறொரு பொதுக் காரணம் இருத்தல். பகலொளியைக் காணாத வாழ்க்கையே அக்காரணம் ஆகலாம்.

மாத்திரை கொடுத்துச் செய்த ஆய்வுகளும் ஒரே விடை தரவில்லை. ஈரானில் உறக்கக் குறையுடையோர்க்கு எட்டு வாரம் இச்சத்தைக் கொடுத்துப் பார்த்தபோது உறக்கம் மேம்பட்டதாக 2018ஆம் ஆண்டில் தெரிவித்தனர். அமெரிக்காவில் மூப்படைந்த பெண்டிர்க்கு ஓராண்டுக்காலம் கொடுத்து, 2016ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்ட ஆய்விலோ உறக்கம் மேம்படவில்லை. ஆதலின், சத்துக்குறை உடையார் அதனை நிரப்பிக்கொள்ளுதல் உடலுக்கு நன்று என்பது உறுதி. அதுவே உறக்கத்தைக் கொணர்ந்துவிடும் என்பது உறுதியன்று.

கண்வழி வரும் கொடை

மேற்கூறிய பொதுக் காரணத்தைச் சற்று விரித்து நோக்குதல் வேண்டும். மூளையின் அடிப்பகுதியில் சிறியதோர் உயிரணுத் தொகுதி இருக்கின்றது. அது நாழிகை வட்டில் போன்றது. எப்பொழுது விழித்தல் வேண்டும், எப்பொழுது உறங்குதல் வேண்டும் என்று உடலுக்கு உணர்த்துவது. அந்த வட்டிலை நாள்தோறும் சரி செய்வது கண்வழிப் புகும் பகலொளி. பொருள்களைக் காண்பதற்கென அன்றி, ஒளியின் அளவை அறிவதற்கெனவே அமைந்த உயிரணுக்கள் கண்ணில் உள்ளன என்பதை 2002ஆம் ஆண்டில் அறிஞர் கண்டனர். இருள் வந்ததும் மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலடோனின் என்னும் பொருளைச் சுரக்கின்றது. 1958ஆம் ஆண்டில் ஏரன் லெர்னர் என்பார் பிரித்தெடுத்துக் காட்டிய பொருள் அது. அது சுரக்கும்போது உடல் உறக்கத்திற்கு ஒருங்குகின்றது. உயிரணுக்குள் இயங்கும் இந்நாள்வட்டத்தின் இயல்பை விளக்கிய அமெரிக்க அறிஞர் மூவர்க்கு 2017ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

ஒளியை அளக்கும் அலகு லக்ஸ் எனப்படும். வெயில் காயும் நண்பகலில் வெளியிடத்து ஒளி 1,00,000 லக்ஸ் அளவை எட்டக்கூடும். மேகம் மூடிய நாளிலும் பல ஆயிரம் இருக்கும். விளக்கெரியும் கூடத்திலோ சில நூறு லக்ஸ்தான். கண்ணுக்குப் போதிய வெளிச்சம்போல் தோன்றும் அது, உடலின் நாழிகை வட்டிலுக்குப் பகலாகத் தோன்றுவதில்லை. பகலில் மங்கிய ஒளி, இரவில் தணியாத ஒளி என்னும் வாழ்க்கையில் அந்த வட்டில் தடுமாறுகின்றது.

ஆகவே, ஞாயிறு அளிப்பன இரண்டு கொடைகள். ஒன்று, நண்பகல் வெயிலில் தோலின்வழி வருவது. மற்றொன்று, காலை ஒளியில் கண்ணின்வழி வருவது. மாத்திரை முதற்கொடைக்கு மட்டுமே ஈடாகும். சாளரக் கண்ணாடி இரண்டாம் கொடையை மட்டுமே உள்ளே விடும். வெளியே சென்று நிற்பவனே இரண்டையும் பெறுவான்.

செய்யத்தக்கன

முதல் ஷிப்டில் பணிபுரிவோர் உணவு இடைவேளையில் சிறிது நேரம் திறந்த வெளியில் உலாவுதல் நன்று. இரண்டாம் ஷிப்டில் உள்ளோர்க்கு முற்பகல் கைவசம் உள்ளது. அதனை அறைக்குள் கழித்துவிடலாகாது. இரவு ஷிப்டு முடிந்து திரும்புவோர் உடனே உறங்க வேண்டியவர். அவர்க்கு அவ்வேளை ஒளியும் ஓசையும் இடையூறு. சாளரத்தைத் திரையிட்டு இருளாக்கிக்கொண்டு உறங்கி, எழுந்தபின் எற்பாட்டு ஒளியிலேனும் நடத்தல் வேண்டும். விடுமுறை நாளில் நண்பகல் வெயிலைச் சிறிது பெறலாம். ஆயினும், கத்திரி வெயிலில் நெடுநேரம் நின்று மயங்கி வீழ்தல் அறிவுடைமை அன்று. முகமும் கைகளும் சிறிது நேரம் வெயில் பெற்றால் போதும். ஷிப்டு முடியும் தறுவாயில் தேநீர் பருகுதலையும், படுக்கையில் கைப்பேசியை நோக்குதலையும் தவிர்த்தல் நலம்.

உணவில் இச்சத்து உடையவை சிலவே. மத்தி முதலிய கொழுப்புள்ள மீன்களிலும் முட்டையின் மஞ்சட் கருவிலும் அது உண்டு. வைட்டமின் ஏ, டி சேர்த்துச் செறிவூட்டிய பாலும் எண்ணெயும் கடைகளில் கிடைக்கின்றன. ஐயமுடையார் குருதிப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் அளவிலேயே மாத்திரை உண்ணல் வேண்டும். அளவு மிஞ்சினால் குருதியில் சுண்ணச்சத்து மிகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். அமுதமும் அளவோடு என்பது இதற்கும் பொருந்தும்.

மாணவர்க்கும் இதில் கடமை உண்டு. வளரும் பருவத்தினர்க்கு எட்டு மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் வேண்டும். விளையாட்டு வேளையை வகுப்பறைக்குள் கழிப்பதும், நள்ளிரவு வரை கைப்பேசியுடன் விழித்திருப்பதும், ஆலைக்குச் செல்லாமலே ஆலையின் குறைகளை வருவித்துக்கொள்வதாகும். அன்றியும், இரவெல்லாம் உழைத்துத் திரும்பிய தமக்கையோ தமையனோ பகலில் உறங்குதலைக் கண்டு, சோம்பல் என்று எள்ளலாகாது. தொலைக்காட்சியின் ஓசையைத் தணித்தலும், கதவை மெல்லச் சாத்துதலும், வந்தவரை வெளித்திண்ணையில் அமர்த்திப் பேசுதலும் சிறு செயல்களே. ஆனால், அவற்றால் ஒருவர் பெறும் இரண்டு மணி நேர உறக்கம் சிறியதன்று. அவர் ஊதியத்தில் பயிலும் தம்பியும் தங்கையும் அவர்க்குச் செய்யத்தக்க கைம்மாறு அது.

ஆலைகள் நாட்டுக்கு வேண்டும். அவற்றில் உழைப்போர் நலமும் வேண்டும். வெயிலில் உண்பதற்கு ஒரு முற்றம், இருளில் உறங்குவதற்கு ஓர் அறை, உடல் பழகுதற்கு உரிய கால இடைவெளி விட்டு மாறும் ஷிப்டு ஆகியன பெருஞ்செலவு உடையன அல்ல. கார் ஓடுவதற்கும் கைப்பேசி பேசுவதற்கும் காரணமான கைகள் சோர்வின்றி இருத்தற்கு, ஞாயிறு விலையின்றித் தரும் இரு கொடைகளும் அவற்றை உடையோரைச் சென்று சேர்தல் வேண்டும்.

வினாக்கள்

1. சிறுபொழுது ஆறும் எவை? ஆலையின் கால வகுப்பு அவற்றினின்று எவ்வாறு வேறுபடுகின்றது?
2. ஹுல்டுஷின்ஸ்கி செய்த ஆய்வால் விளங்கிய உண்மை யாது?
3. பேருந்தின் கண்ணாடி அருகில் அமர்ந்தவனுக்கு வைட்டமின் டி கிடைக்காமைக்குக் காரணம் என்ன?
4. ‘காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது’ என்னும் பழமொழி இப்பாடத்தில் எதனை விளக்க வந்தது?
5. ஞாயிற்றின் இரு கொடைகளையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
6. இரவு ஷிப்டில் பணிபுரியும் ஒருவர் வீட்டில் உள்ளார் எனக் கொண்டு, அவர் உறக்கத்திற்குச் செய்யத்தக்க உதவிகளைத் தொகுத்து எழுதுக.